வெயிலும் பரம்பரையும் நடுக்குவாதமும்

நாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த நாளில், அடுத்த லயத்தில் ஒரு பெரியவர் குடியிருந்தார். பால்மரம் வெட்டுவதில் அவரைப் போல் கைச்சுத்தம் உடையவர் அந்தத் தோட்டத்திலேயே இல்லை என்பார்கள். அவருடைய கத்தி பட்டையைச் சீவுமே தவிர, மரத்தைக் காயப்படுத்தாது. அப்படிப்பட்டவருக்கு ஐம்பத்தைந்து வயது வாக்கில் வலக்கை நடுங்கத் தொடங்கியது. வேலை செய்யும்போது கூட அவ்வளவு தெரியாது. கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் கட்டைவிரல் ஓயாமல் உருளும். நாளாக ஆக நடை சுருங்கியது. முகத்தில் சிரிப்பு மறைந்தது. பட்டையில் காயம் விழுந்தது. கங்காணி ஏசினார்.

"கள்ளுக்கடையே கதி என்று கிடந்தால் கை நடுங்காமல் என்ன செய்யும்?" என்று ஊர் பேசியது. அவரோ கள்ளைக் கையால் தொடாதவர். அவருடைய மனைவி செய்வினை என்று நம்பிக் கோயில் கோயிலாக மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினார். "இது பரம்பரை வியாதி" என்று யாரோ சொல்லப்போக, மகளுக்கு வந்த வரன் திரும்பிப் போனது. பள்ளிப் பிள்ளைகளாகிய நாமோ அவர் பின்னால் சென்று அவரைப் போலவே கையை ஆட்டி, குனிந்து நடந்து காட்டிச் சிரித்தோம். பல ஆண்டுகள் சென்று பெரிய மருத்துவமனையில் அதற்குப் பார்க்கின்சன் நோய் என்று பெயர் சொன்னபோது, சிரித்த நாம் தலைகுனிந்தோம்.

அண்மையில் அந்தப் பெரியவரின் பேரன் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு வைட்டமின் புட்டி, விலையும் கொஞ்சமல்ல. "சார், தாத்தாவுக்கு வந்தது எனக்கும் வருமா? இந்த வைட்டமின் டி சாப்பிட்டால் வராது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டார். நல்ல கேள்விகள். இவ்விரண்டுக்கும் விடை தேடி மனிதர் நடந்து வந்த வழி இருநூறு ஆண்டு வழி. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

நடுக்குவாதம் புதிய நோயன்று. கம்பவாதம் என்ற பெயரில் நம் நாட்டு வைத்தியர்களும் நடுக்க நோயை அறிந்திருந்தனர். ஆயினும், இதைத் தனியொரு நோயாகப் பிரித்துக் காட்டிய பெருமை, இலண்டன் மாநகரின் ஹாக்ஸ்டன் பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவரையே சாரும். 1817-ஆம் ஆண்டு அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் ஆறே பேர். அவர்களுள் இருவர் வீதியில் எதிர்ப்பட்டு, நிறுத்தி விசாரிக்கப்பட்டவர்கள். இன்னொருவரோ தொலைவிலிருந்து பார்க்கப்பட்டவர். அவர் முதன்முதலாகக் கண்ட நோயாளி யார் தெரியுமா? ஐம்பது வயது கடந்த ஒரு தோட்டக்காரர். மண்ணோடு பாடுபட்ட உழைப்பாளி. அந்த மனிதர் குடிப்பழக்கம் இல்லாது மிக ஒழுங்காக வாழ்ந்தவர் என்பதையும் பார்க்கின்சன் மறவாமல் எழுதி வைத்தார். நம் லயத்துப் பெரியவர் மீது சுமத்தப்பட்ட பழிக்கு, அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருந்தது!

நோய் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்க்கின்சன் தவறாகவே கணித்தார். கழுத்துப் பகுதித் தண்டுவடம் காரணமாகலாம் என எண்ணினார். ஆனால் அது தம் ஊகமே என்பதை ஒளிக்காமல் சொன்னார். பிற்காலத்தில் பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் ஷார்கோ என்பவர்தாம் இந்நோய்க்குப் பார்க்கின்சன் பெயரைச் சூட்டினார்.

சரியான இடம் 1919-இல் தெரியவந்தது. அவ்வாண்டு பாரிஸில் ஆய்வு செய்த திரெத்தியாக்கோவ் என்பவர், நடு மூளையில் கரிய நிறமுள்ள ஒரு சிறு பகுதி இந்நோயாளிகளிடம் அழிந்து கிடப்பதைக் காட்டினார். அந்தப் பகுதி என்ன வேலை செய்கிறது? அதற்கு மேலும் நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1957-இல் சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் என்னும் மருந்தைக் கொடுத்தார். இது சர்ப்பகந்தி என்ற நம் நாட்டு மூலிகையிலிருந்து எடுக்கப்படுவது. முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அசைவற்றுக் கிடந்தன. பிறகு எல்-டோபா என்னும் பொருளை ஊசி வழியே செலுத்தினார். சிறிது நேரத்தில் அவை எழுந்து ஓடின! உடல் அசைவுக்கு மூளையில் டோபமைன் என்ற பொருள் தேவை என்பது இதனால் விளங்கிற்று. 2000-ஆம் ஆண்டில் கார்ல்சனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1960-இல் வியன்னா நகரில், ஹோர்னிகீவிச் என்பவரும் அவருடைய துணையாளரும் இறந்துபோன நோயாளிகளின் மூளையைச் சோதித்தனர். அங்கே டோபமைன் வற்றிப் போயிருந்தது. மோட்டாருக்கு எண்ணெய் போல, நம் அசைவுக்கு டோபமைன். மூளையின் அந்தக் கரிய பகுதிதான் அதை உண்டாக்கி அனுப்பும் ஆலை. ஆலை பழுதானால் கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தடுமாறும். 1967-இல் நியூயார்க்கில் கோட்சியாஸ் என்ற மருத்துவர், எல்-டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து, படுத்துக் கிடந்தவர்களை நடக்க வைத்தார். இன்றும் இந்நோய்க்குத் தலையாய மருந்து அதுவே. நோயை வேரோடு களையாது. ஆனால் வாழ்வைத் திருப்பித் தரும்.

இங்கே நம்மவருக்கு மகிழ்வு தரும் செய்தி ஒன்றுண்டு. பூனைக்காலி விதையில் எல்-டோபா இருப்பதை 1937-இல் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி என்னும் ஆய்வாளர்கள் கண்டெடுத்தனர். செம்பனைக் காட்டில் மூடுபயிராகப் படரவிடுகிறார்களே முக்குனா என்ற கொடி, அது பூனைக்காலியின் இனமே. அதற்காக யாரும் அதைப் பறித்து உண்டுவிட வேண்டாம். எவ்வளவு மருந்து, எவ்வளவு நஞ்சு என்பதை அளந்தறிய மருத்துவர் வேண்டும்.

நோயின் கதையைக் கண்டோம். இனி வெயிலின் கதைக்கு வருவோம். இவ்விரண்டும் வெகுகாலம் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நடந்தன.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தைகளின் கால் எலும்பு வளைந்து போகும் ஒரு நோய் மருத்துவர்களைக் கலங்க வைத்தது. ரிக்கெட்ஸ் எனப்படும் அந்தக் கணைநோயைப் பற்றி 1650-இல் கிளிசன் என்பவர் பெரிய நூலே எழுதினார். பின்னர் ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களில் அது மேலும் பெருகிற்று. 1919-இல் பெர்லின் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹுல்ஷின்ஸ்கி, நோயுற்ற பிள்ளைகள் மீது விளக்கொளி மூலம் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். எலும்பு தேறியது. ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மறுகையும் குணமடைந்தது! ஆகவே, ஒளி பட்ட தோலில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி உடம்பெங்கும் பரவுகிறது என்று தெரிந்தது.

1922-இல் அமெரிக்காவின் மெக்கொல்லம், மீனெண்ணெயில் உள்ள வைட்டமின் ஏ-யை அழித்த பின்னும் அது எலும்பு நோயைத் தீர்ப்பதைக் கண்டார். அதில் வேறொரு சத்தும் இருக்கிறது என்று அறிந்து, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்தாகிய டி என்பதைப் பெயராக வைத்தார். தோல் வெயிலில் உண்டாக்குவதும் இந்த வகைச் சத்தே. இப்பொருள்களின் அமைப்பை ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர் விண்டாஸ் 1928-இல் நோபல் பரிசு பெற்றார்.

வைட்டமின் டி தோலில் பிறந்து, கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பக்குவப்பட்டு, உடம்பின் பல பாகங்களுக்கும் கட்டளை கொண்டு போகிறது. கட்டளையைப் பெற ஒவ்வோர் இடத்திலும் ஒரு பூட்டு இருக்க வேண்டும். வைட்டமின் அதற்குச் சாவி. 2005-இல் மனித மூளையில் இந்தப் பூட்டு எங்கெங்கே இருக்கிறது என்று தேடினார்கள். நடுக்குவாதத்தில் அழிகிறதே அந்தக் கரிய பகுதி, அங்கும் அது இருந்தது! தனித்தனியே நடந்த இரு கதைகளும் இங்கே சந்தித்தன. வெயில் குறைவுக்கும் நடுக்கத்துக்கும் உறவுண்டோ என்று பலரும் கேட்கலாயினர்.

அந்த உறவைப் பார்ப்பதற்கு முன், பரம்பரையைப் பற்றி அறிந்துகொள்வோம். பேரனின் முதல் கேள்வி அதுவல்லவா?

பால்மரத்தில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்றோர் இனம் உண்டு என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர் அறிவர். ஒட்டுக்கட்டிய கன்று தாய்மரத்தின் குணத்தைக் கொண்டு வரும். மனிதரிலும் ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் என்ற எழுத்துகள் உள்ளன. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. இத்தாலியில் காண்டுர்சி என்றோர் ஊர். அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பலருக்கு இந்நோய் கண்டது. அக்குடும்பத்தாரை ஆராய்ந்து, 1997-இல் ஒரு மரபணுவில் ஒரேயோர் எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்தனர். மறு ஆண்டே, ஜப்பானியர் இளம் வயதில் வரும் நோய்க்குக் காரணமான இன்னொரு மரபணுவைக் கண்டனர். பிறகு மேலும் பல தெரிய வந்தன.

அப்படியானால் இது பரம்பரை வியாதிதானே என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அத்தகைய குடும்பங்கள் மிகச் சில. நோயாளிகள் நூறு பேரில் ஏறக்குறைய எண்பத்தைந்து பேருக்குமேல் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்நோய் இருப்பதில்லை. 1999-இல் அமெரிக்காவில் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்த ஆண்களை ஆராய்ந்தார்கள். ஐம்பது வயதுக்குமேல் நோய் கண்டவர்களிடையே, ஒரே அச்சில் வார்த்த இரட்டையரும் சாதாரண இரட்டையரும் பெரிதாக வேறுபடவில்லை. நோய் வெறும் பரம்பரையால் வருவதென்றால் வேறுபட்டிருக்க வேண்டுமே! இளம் வயதில் வரும் நோயில் மட்டும் பரம்பரையின் கை ஓங்கியிருந்தது.

கன்றின் இனமும் வேண்டும், மண்ணும் மழையும் வேண்டும் அல்லவா? அதுபோலவே இந்நோயும். "மண்" என்ற பக்கத்தில் நம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டங்களில் பல ஆண்டுகள் நம் தாய்மார்கள் முதுகில் தோம்பு சுமந்து அடித்த களைக்கொல்லிகளுள் ஒன்று பாராகுவாட். 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அம்மருந்தைக் கையாண்டவர்களிடம் இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு காணப்பட்டதாகச் சொல்லிற்று. நஞ்சை முறிக்க உதவும் ஒரு மரபணு இல்லாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம் என்று மறு ஆண்டு ஆய்வு காட்டியது. இனமும் மண்ணும் கைகோக்கும் விதம் இதுவே. மலேசியாவில் 2020 சனவரி முதல் பாராகுவாட் தடை செய்யப்பட்டுவிட்டது. எந்த மருந்தடிப்பாயினும் முகக்கவசமும் கையுறையும் அணிவதில் வெட்கம் வேண்டாம்.

இப்போது வைட்டமின் டி-க்குத் திரும்புவோம். 2008-இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இரத்தத்தைச் சோதித்தார்கள். நடுக்குவாத நோயாளிகளில் நூற்றுக்கு 55 பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. நலமாய் இருந்த முதியவர்களில் 36 பேருக்கே அக்குறை இருந்தது. கேட்டவர்கள் வியந்தனர். ஆனால் அறிவுள்ளவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். நடுக்கம் வந்தவர் வெளியே போவதில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார். வெயில் படாததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் வெயில் படவில்லையா?

இதற்குப் பின்லாந்து நாட்டார் நல்ல வழி கண்டனர். 1978 முதல் 1980 வரை, நோயில்லாத 3,173 பேரின் இரத்தத்தை எடுத்து வைத்தனர். பிறகு 29 ஆண்டுகள் கண்காணித்தனர். ஐம்பது பேருக்கு நோய் வந்தது. தொடக்கத்திலேயே வைட்டமின் டி மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, குறைந்திருந்த கால்பங்கினரைவிட நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகவே இருந்தது. 2010-இல் வெளிவந்த இம்முடிவு பெரும் நம்பிக்கை அளித்தது. 2013-இல் ஜப்பானியர் 114 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓராண்டு வைட்டமின் டி-யும் மறு பிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தனர். வைட்டமின் பெற்றவர்களின் நிலை அவ்வளவாகக் கீழிறங்கவில்லை. ஆனால் அந்தப் பலன் எல்லார்க்கும் கிட்டவில்லை. நாம் முன்பு சொன்ன பூட்டு இருக்கிறதே, அதன் மரபணு குறிப்பிட்ட வகையில் அமைந்தவர்களிடமே நன்கு தெரிந்தது. சாவி ஒன்றாயினும் பூட்டுக்குப் பூட்டு வேறுபாடு!

கதை இத்தோடு முடிந்திருந்தால் பேரனிடம் "புட்டியைத் திற" என்று சொல்லியிருப்போம். முடியவில்லை.

உரம் போட்ட மரத்தில் பால் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அது உரத்தாலா? உரம் போடும் நிருவாகம் களையும் எடுக்கும்; வடிகாலும் வெட்டும்; நல்ல வெட்டுக்காரரையும் வைக்கும். எதனால் பால் கூடியது என்று எப்படிச் சொல்வது? வைட்டமின் டி மிகுந்தவர்களும் அப்படித்தான். அவர்கள் வெளியே நடமாடுபவர்; உடலுழைப்பு உள்ளவர்; பொதுவாகவே நலமானவர். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் பரம்பரையையே துணைக்கு அழைத்தார்கள். சிலர் பிறவியிலேயே, மரபணு காரணமாகச் சற்றுக் குறைந்த வைட்டமின் டி உடையவர்கள். இது அவர்களுடைய பழக்கத்தால் வந்ததன்று. இயற்கை திருவுளச்சீட்டுப் போட்டுக் கொடுத்தது. வைட்டமின் குறைவுதான் நோய்க்குக் காரணமென்றால், இவர்களுக்கு நடுக்குவாதம் அதிகம் வர வேண்டும். 2017-இல் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் மரபணுக்களைக் கொண்டு இதைச் சோதித்தனர். அப்படி வருவதாகத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே இன்றைய நிலை யாதெனில்: வைட்டமின் டி குறைவும் நடுக்குவாதமும் அடிக்கடி சேர்ந்தே காணப்படுகின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பது நிலைநாட்டப்படவில்லை. சேர்ந்து நடப்பவர் எல்லாரும் உறவினர் அல்லர்.

அப்படியென்றால் வைட்டமின் டி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அது எலும்பைக் காக்கிறது. நடுக்குவாதம் உள்ளவர் அடிக்கடி தடுமாறி விழுவார். எலும்பு வலுவிழந்திருந்தால் ஒரு விழுகையே படுக்கையில் தள்ளிவிடும். வெயில் கொட்டும் மலேசியாவில் யாருக்குக் குறை வரும் என்று எண்ண வேண்டாம். கருத்த தோலில் இச்சத்து மெதுவாகவே உண்டாகும். இந்நாட்டுப் பெண்களிடம் நடத்திய சோதனைகளில் இந்தியரிடமும் மலாய்க்காரரிடமும் குறைவு மிகுதியாகக் காணப்பட்டிருக்கிறது. ஆகவே முதியவர்களை வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்காமல், தினமும் சற்று நேரம் வெயிலில் கையைப் பிடித்து நடத்துங்கள். மீனும் முட்டையும் கொடுங்கள். மாத்திரை தேவையா என்பதை இரத்தச் சோதனைக்குப் பின் மருத்துவர் சொல்லட்டும். அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பேரனுக்கு நாம் சொன்ன விடையும் இதுவே. "தம்பி, தாத்தாவுக்கு வந்ததால் உமக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பிறரைவிட வாய்ப்பு சற்றே கூடுதல், அவ்வளவுதான். இந்தப் புட்டி அதைத் தடுக்கும் என்று இன்றைக்கு யாராலும் சான்று காட்ட இயலாது. அந்தப் பணத்தில் அம்மாவை ஒரு முறை கிளினிக்குக்கு அழைத்துப் போய் எலும்பைச் சோதித்துப் பாரும்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "தாத்தா குடிகாரர் இல்லையே, சார்?" என்று கேட்டார். அவர் கேட்க வந்த மூன்றாவது கேள்வி அது என்று அப்போதுதான் நமக்குப் புரிந்தது. "இல்லை, தம்பி. ஒருபோதும் இல்லை" என்றோம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ அண்டையிலோ ஒருவருக்குச் சும்மா இருக்கும் கை நடுங்குகிறதா? நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறதா? எழுத்து வரவரப் பொடியாகிறதா? கறி கொதிக்கும் வாசனை தெரியவில்லை என்கிறாரா? நடுக்கமெல்லாம் இந்நோயாகிவிடாது, வேறு காரணங்களும் உண்டு. எதுவென்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். கள்ளா, செய்வினையா, பரம்பரைப் பாவமா என்று கேட்பதை விட்டுவிட்டு, கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளைகளே, அவரைப் போல நடந்து காட்டிச் சிரிக்காதீர்கள். நாம் சிரித்தோம், அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.